எங்கள் பின்னந்தலையைப் பார்க்கிறவர்களுக்கு: முடி திருத்தும் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

முடி திருத்தும் தொழிலில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் அழகுநிலையங்களில் வேலை செய்யும் சகோதரிகளுக்கும் வணக்கம்.

"முடி ரொம்பக் கொட்டுது" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்வது பெரும்பாலும் உங்களிடம்தான். அவர் சொல்லாமல் விட்டாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும். உச்சந்தலையும் பிடரியும் காதுக்குப் பின்புறமும் அவரவர் கண்ணுக்கு எட்டாத இடங்கள். நீங்களோ அவற்றைச் சில வாரங்களுக்கு ஒருமுறை நல்ல வெளிச்சத்தில், நனைத்தும் உலர்த்தியும், விரலால் விலக்கியும் பார்க்கிறீர்கள். போன தடவை எப்படி இருந்தது என்பதும் உங்கள் நினைவில் இருக்கும். எந்தத் தோல் மருத்துவருக்கும் அந்த வசதி கிடையாது. அவரிடம் வருகிறவர் பாதி முடி போன பிறகுதான் வருகிறார். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. பார்த்ததைச் சொல்லுங்கள். எது அவசரம், எது தானாகச் சரியாகும் என்று பிரித்துத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

வைத்தியம் எங்கள் வேலை இல்லையே என்று தோன்றலாம். வைத்தியம் பார்க்கச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் நாற்காலிக்கு இருக்கும் செல்வாக்கைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கறுப்பின ஆண்கள் வரும் 52 முடிதிருத்தகங்களில் ஓர் ஆய்வு நடந்தது. 2018-ல் முடிவுகள் வெளிவந்தன. கடைக்கே மருந்தாளுநர்கள் வந்து இரத்த அழுத்தத்துக்கு மருந்து கொடுக்க, கடைக்காரர்கள் வாடிக்கையாளர்களை அதற்கு ஊக்கப்படுத்தினார்கள். 6 மாதத்தில் அந்த ஆண்களின் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. மருத்துவரைப் போய்ப் பாருங்கள் என்று கடைக்காரர் சொன்னதோடு நின்ற குழுவில் இறங்கியது 9 புள்ளிதான். மருந்தின் வேலை மருந்துடையது, ஆனால் மருத்துவமனைப் பக்கமே போகாத ஆட்களை அந்த மருந்துவரை கொண்டு சேர்த்தது கடையின் மேல் அவர்கள் வைத்திருந்த நம்பிக்கை. இரத்த அழுத்தத்துக்கே இது நடக்குமென்றால், தினமும் நீங்கள் தொடுகிற தலைக்கு ஏன் நடக்கக்கூடாது?

முதலில், பயப்பட வேண்டாத ஒன்று. சீப்பில், தலையணையில், குளியலறைத் தரையில் என்று கொத்துக் கொத்தாக முடி போகிறது என்று கலங்கிப்போய் வருகிறவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டு வளரும், சில வாரம் சுருங்கும், 3 மாதம் போல ஓய்வெடுக்கும், அப்புறம் உதிரும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி போவது இயல்பு. கடுமையான காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி போன்ற டயட், பெரிய துக்கம் என உடம்பு அதிரும்படி ஏதாவது நடந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான பகுதி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவை உதிர்வது 2, 3 மாதம் கழித்து. இந்த இடைவெளிதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. காய்ச்சல் மறந்து போயிருக்கும். போன வாரம் மாற்றிய ஷாம்பூ மேல் பழி விழும்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி எளிது: "மூணு மாசத்துக்கு முன்னாடி உடம்பு ஏதும் முடியாம இருந்துச்சா?" பதில் ஆம் என்றால், காரணம் விலகியிருந்தால் இந்த உதிர்வு சில மாதங்களில் தானே அடங்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். குழந்தை பெற்ற தாய்மாருக்கு இது மிகவும் தேவைப்படும் ஆறுதல். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது அவர்களில் பெரும்பாலோருக்கு முடி பழைய அடர்த்திக்கு வந்துவிடுகிறது. உதிர்ந்த முடியின் நுனியில் இருக்கும் வெள்ளைக் குமிழைக் காட்டி "வேரோட வந்துடுச்சு" என்று அழுவார்கள். அது பழுத்த இலையின் காம்பு மாதிரி. முடியை உண்டாக்கும் மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது, அடுத்த முடி அங்கிருந்து வரும். உதிர்வு 6 மாதத்தைத் தாண்டினாலோ, கூடவே களைப்பு, எடை மாற்றம், மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு இருந்தாலோ, இரும்புச்சத்தையும் தைராய்டையும் இரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள்.

அடுத்தது சற்றுக் கசப்பானது. இழுத்துக் கட்டுவதால் வரும் முடி இழப்பில் உங்கள் கைக்கும் பங்கு உண்டு. முடியை இறுக்கி உயரக் கட்டும் கிரீன்லாந்துப் பெண்களின் நெற்றியோரம் வழுக்கையாவதை 1907-லேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். நூறாண்டுக்கு மேலாகியும் அதே சேதம் உங்கள் நாற்காலிகளில் தொடர்கிறது: இறுக்கமான சிறு பின்னல்கள், வழித்துக் கட்டும் குதிரைவால், கனமான எக்ஸ்டென்ஷன், ஒட்டுமுடி. அறிகுறிகள் உங்களுக்குத் தெரியாதவை இல்லை. கட்டி முடித்த பிறகு தலை வலிக்கும். நெற்றியோரத்தில் சின்னச் சின்னப் பருக்கள் வரும். உடைந்த குட்டை முடிகள் நிற்கும். பிறகு நெற்றிப் பொட்டுப் பக்கம் மெலிந்து, ஓரத்தில் மட்டும் மெல்லிய முடிவரிசை ஒன்று எஞ்சியிருக்கும்.

இந்தக் கட்டத்தில் இழுப்பை நிறுத்தினால் முடி திரும்ப வரும். பல ஆண்டு தொடர்ந்தால் மயிர்க்கால் வடுவாகிவிடும், பிறகு எந்த மருந்தும் உதவாது. "இன்னும் இறுக்கமாப் போடுங்க, அப்பதான் ரொம்ப நாள் நிக்கும்" என்று வாடிக்கையாளரே வற்புறுத்துவார் என்பது தெரியும். அப்போதும் மறுத்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். வலித்தால் அவிழ்த்து மறுபடி தளர்வாகப் போடுங்கள். ரசாயனம் போட்டு நேராக்கிய முடியில் அதே கையோடு எக்ஸ்டென்ஷன் மாட்டாதீர்கள். இரண்டு அலங்காரங்களுக்கு நடுவே சில வாரமாவது தலைக்கு ஓய்வு கொடுங்கள். குழந்தைகள் விஷயத்தில் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள். "வலிக்குது" என்று சொன்னால் அம்மா அதட்டுவார் என்று பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு.

இதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் வெளியில் யாரும் பேசுவதில்லை. சில நோய்களில் வீக்கம் மயிர்க்காலையே அழித்துவிடுகிறது. முடி போன இடத்தில் தோல் வழவழவென்று மின்னும். முடி முளைக்கும் நுண்துளைகளே தெரியாது. ஓரத்தில் இன்னும் நிற்கும் முடிகளைச் சுற்றிச் சிவப்போ செதிலோ இருக்கும். அரிப்பு, எரிச்சல், தொட்டால் வலி என்பார்கள். மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களுக்கு நெற்றி முடிக்கோடு ஒரே சீராக மேலேறி, புருவமும் மெலிவது இதில் ஒரு வகை. 1994-ல்தான் அது தனி நோயாக விவரிக்கப்பட்டது. வயதானால் அப்படித்தான் என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். நீங்கள் அப்படிச் சொல்லாதீர்கள். இதில் போன முடியை மீட்க முடியாது. மீதியைக் காப்பாற்ற முடியும். அதனால் ஒவ்வொரு மாதமும் கணக்கு. நுண்துளை தெரிகிறதா என்று பார்க்க உங்களுக்கு ஒரு நொடி போதும்.

பிள்ளைகளின் தலையில் செதிலோடு வட்டமாக முடி உடைந்து, தோல் மட்டத்தில் கரும்புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மேலே பூசும் களிம்பு மட்டும் அதற்குப் போதாது, வாய்வழி மருந்து வேண்டும். சீப்பு, ட்ரிம்மர் வழியாக அடுத்த தலைக்கும் போகும். ஆகவே கருவிகளைக் கிருமிநீக்கம் செய்துவிட்டு, அந்தப் பிள்ளையின் வீட்டாரிடம் தனியாகச் சொல்லி அனுப்புங்கள். புழுவெட்டு வேறு. காசு அளவுக்கு வழவழப்பான வட்டம், செதில் இருக்காது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மயிர்க்காலையே தாக்குவதால் வருவது அது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. என் பிடரியில் இருந்த வட்டத்தை எனக்குக் காட்டியவர் முடிவெட்டும் அண்ணன்தான். கத்தரியை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்காதபடி சொன்னார். அந்தப் பக்குவத்துக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். சிறிய வட்டங்கள் பலருக்கு ஓராண்டுக்குள் தானே நிரம்பிவிடும். ஊசி மருந்து உண்டு. தலை முழுக்கப் பரவியவர்களுக்கு 2022-லிருந்து மாத்திரைகளும் வந்துவிட்டன. போன தடவை இல்லாத கருத்த மச்சமோ ஆறாத புண்ணோ தலையில் தெரிந்தாலும் சொல்லுங்கள், தலைத்தோலிலும் புற்றுநோய் வரும்.

பரம்பரையாக வரும் சொட்டையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. ஆண்களுக்கு நெற்றியோரத்திலும் உச்சியிலும், பெண்களுக்கு வகிடு அகலமாவதிலும் தெரியும். டிஹெச்டி என்ற ஹார்மோனால் மயிர்க்கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து, முடி ஒவ்வொரு சுற்றிலும் மெலிந்துகொண்டே போகிறது. மினாக்ஸிடில் இரத்த அழுத்த மாத்திரையாக வந்து, முடி வளர்ப்பதைக் கண்டு தலையில் பூசும் மருந்தான ஒன்று. அமெரிக்காவில் அதற்கு 1988-ல் அனுமதி கிடைத்தது. பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும். முதல் சில வாரம் உதிர்வு கூடலாம், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். முழுக்க நிறுத்தினால் கிடைத்த பலனும் போய்விடும். டிஹெச்டியைக் குறைக்கும் ஃபினாஸ்டிரைட் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடக்கூடாது. பாலுறவிலும் மனநிலையிலும் பக்கவிளைவுகள் வரலாம், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

இனி, விற்பனை. அலமாரியில் இருக்கும் எண்ணெயும் சீரமும் மாத்திரையும் உங்கள் வருமானத்தில் ஒரு பகுதி என்பது தெரியும். வாடகையும் கூலியும் கொடுத்தாக வேண்டும். இருந்தாலும் கேட்கிறேன், குறையைக் காட்டிய அதே மூச்சில் பாட்டிலை நீட்டாதீர்கள். நீட்டிய நொடியில் நீங்கள் சொன்ன உண்மையும் விளம்பரமாகிவிடும். எண்ணெய் முடியின் தண்டைக் காக்கும், உரசலைக் குறைக்கும், பளபளப்புத் தரும். தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைக்கிறது என்று ஆய்வும் இருக்கிறது. ஆனால் புது முடியை எண்ணெய் முளைக்க வைக்கும் என்று சொல்ல நல்ல ஆதாரம் கிடையாது. பொடுகு இருக்கும் தலையில் எண்ணெயை ஊறவிட்டால் பொடுகு கூடவே செய்யும். பயோட்டின் என்ற வைட்டமினின் குறைபாடு அரிது. குறைபாடு இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதிக அளவில் சாப்பிட்டால் மாரடைப்பைக் கண்டறியும் பரிசோதனை உட்படச் சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவே தவறாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் எச்சரித்தது. வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அளவு மீறினால் முடி கொட்டவே செய்யும். மழித்தால் அடர்த்தியாக வளரும் என்று கேட்டு வருகிறவர்களிடமும் உண்மையைச் சொல்லுங்கள். 1928-லேயே சோதித்துப் பார்த்து அப்படி இல்லை என்று எழுதிவிட்டார்கள். வெட்டிய நுனி மழுங்கலாக இருப்பதால் தடித்தது போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

உங்களால் உண்மையிலேயே செய்யக்கூடியது, இருக்கும் முடி உடையாமல் காப்பது. அதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. ஈரமுடியில் சூட்டுக் கருவியை வைக்காதீர்கள், உள்ளிருக்கும் நீர் கொதித்துத் தண்டில் குமிழ் விழும். நனைந்த முடி எளிதில் இழுபட்டு உடையும், நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும், அவசரப்படுத்த வழி இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சொல்லும் விதத்தைப் பற்றிக் கடைசியாக. "என்ன சார், சொட்டை விழுந்துடுச்சே" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னால் அந்த மனிதர் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போவார், மருத்துவரிடம் போகமாட்டார். பெண்களுக்கு இது இன்னும் பெரிய வதை. முதலில் கேளுங்கள்: "இங்க ஒரு இடம் கொஞ்சம் வித்தியாசமா இருக்கு, காட்டட்டுமா?" சரி என்றால் அவருடைய போனிலேயே ஒரு படம் எடுத்துக் கொடுங்கள். தேதியோடு இருக்கும் அந்தப் படம் மருத்துவருக்கும் உதவும். நோயின் பெயரை நீங்கள் சொல்ல வேண்டாம்; எங்கே பார்த்தீர்கள், எப்போதிலிருந்து என்று சொன்னாலே போதும்.

இந்தத் தொழிலின் சங்கங்களுக்கும் பயிற்சி தரும் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு தோல் மருத்துவரை ஒரு மணி நேரத்துக்கு அழையுங்கள். பாடம் வேண்டாம், படங்கள் காட்டச் சொல்லுங்கள்: இழுப்பில் மெலிந்த நெற்றியோரம், துளையில்லாமல் மின்னும் தோல், பிள்ளைத் தலையின் பூஞ்சை, புழுவெட்டு, சந்தேகப்பட வேண்டிய மச்சம். அந்த 5 படங்களையும் ஒரே தாளில் அச்சடித்து, வாடிக்கையாளர் கண்ணில் படாமல் உங்கள் கண்ணில் மட்டும் படுகிற இடத்தில் ஒட்டி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்