ஆண்டறிக்கை 2024–25: கானாடுகாத்தான், நம் தெரு நலச் சங்கம்

பெரியவர்களுக்கும், இந்தக் கூட்டத்துக்கென்றே சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்திருப்பவர்களுக்கும் வணக்கம். ஆண்டில் நான்கு கூட்டம் போட்டோம். அதில் ஒன்று ஆள் சேராமல் டீயோடு முடிந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

சங்கம் இந்த ஆண்டு அதிகம் செய்த வேலை, பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறந்தது. நம் வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஒரு வீடு பூட்டினால் இரண்டு தெரு இருட்டு.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, ஓர் ஆச்சி என்னைக் கூப்பிட்டார். “தம்பி, பக்கத்து வீட்டுத் தண்ணி எங்க செவுத்துல ஏறுது. சாவி யாருகிட்ட இருக்கு?” சாவி கோவையில் இருந்தது. ஆச்சி வீட்டு ஓட்டு வழியாக ஏறி இறங்கினோம். வளவு வாசலில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், கணுக்காலுக்கு மேல் தண்ணீர். பர்மா தேக்குத் தூண்களின் அடிக்கல் மூழ்கியிருந்தது. காரணம், தண்ணீர் வெளியேறும் துவாரத்தில் அடைத்திருந்த ஒரு கைப்பிடி வேப்பஞ்சருகும் புறா இறகும். குச்சியால் குத்திவிட்டதும் கால் மணி நேரத்தில் வடிந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் பூட்டிய வீடுகளின் மாற்றுச் சாவியைச் சங்கத்தில் வைப்பது என்று முடிவானது. ஏழு வீட்டுச் சாவி வந்திருக்கிறது. எட்டாவது வீட்டுக்குப் பங்காளிகள் பதினெட்டுப் பேர். பதினேழு பேர் சரி என்றார்கள்.

இந்த ஆண்டு ஒரு வீட்டைப் பிரித்து, நிலையும் கதவும் தூணுமாக லாரியில் ஏற்றிப் போனார்கள். இப்படிப் போகிறவை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கும். அவரவர் சொத்து, சங்கம் தடுக்க முடியாது. விற்கும் முன் ஒரு வார்த்தை சொன்னால், வாடகைக்கு ஆள் பார்த்துத் தர முயல்வோம்.

ஊருணி வரத்துக்காலைத் தூர்வாரினோம். மறுபடியும் குப்பை விழுகிறது. கொட்டுகிறவர்களுக்கும் இன்று அழைப்பு அனுப்பியிருந்தோம்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பெருமைதான். படம் எடுக்க வருகிறார்கள், குடியிருக்க வருவது அபூர்வம். இந்த ஆண்டு ஓய்வுபெற்ற தம்பதி ஒருவர் திரும்பி வந்தார்கள். ஊர் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். சுண்ணாம்புச் சுவரின் குளிர்ச்சி, ஆத்தங்குடித் தரைக்கல்லில் மதியத் தூக்கம் என்று சொல்வார்கள் என நினைத்தேன். அந்த அம்மா சொன்னது வேறு: காய்ச்சலில் இரண்டு நாள் கதவு திறக்காதபோது, கீரைக்காரம்மா தட்டிப் பார்த்துவிட்டுக் கஞ்சியோடு வந்தாராம்.

தெருமுனை விளக்குக்கு மூன்றாவது மனு கொடுத்திருக்கிறோம்.

பதினெட்டாவது பங்காளி இன்று வந்திருப்பதாகக் கேள்வி. டிபன் முடிந்ததும் அவரைப் பார்க்க வேண்டும்.

செயலாளர்