ரேடியோ மின்படகுச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழு சித்திரையில் கூடியது. ஆடி 18 அன்று வைத்திருந்த, கரையில் நின்று ரிமோட்டில் ஓட்டும் நம் சின்னப் படகுகளின் பந்தயம் காற்று அதிகமாக இருந்ததால் புரட்டாசிக்குத் தள்ளிப்போனது. ஆயுத பூஜைக்குப் படகுகளை வரிசையாக வைத்துப் பொட்டு வைத்து, பொரிகடலை கொடுத்தோம். பொங்கல் விடுமுறைப் பந்தயம் நல்லபடியாக நடந்தது.

இனி இந்த ஆண்டின் பெரிய வேலை, திருப்பத்தில் வழுக்காமல் இருக்கப் படகில் தகடு மாட்டியது. செயலாளர் சங்கப் பணத்தில் தகடு வாங்கியே செலவழிக்கிறார் என்று பேச்சு இருப்பது என் காதுக்கும் வந்தது. அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

நேர் ஓட்டத்தில் நம் படகுகள் யாருக்கும் சளைத்தவை இல்லை. மோட்டார் கட்டுகிற ஊர் நம் கோவை. பம்ப்செட்டுக்குக் காயில் சுற்றியவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். நாம் தோற்பதெல்லாம் திருப்பத்தில்தான். திருப்பத்தைக் காட்டும் மிதவையை நெருங்கும்போது பின்புறம் வெளியே வழுக்கிப் படகு அகலச் சுற்றுகிறது, உள்ளே ஒட்டி வந்தவர் முந்திவிடுகிறார். இல்லையென்றால் மூக்கு தண்ணீரில் குத்திப் புரண்டுவிடுகிறது. இதற்கு நம்மவர்கள் சொல்லும் ஒரே மருந்து, “ஃபோர் எஸ் பத்தலீங்க, சிக்ஸ் எஸ் போட்டுப் பாக்கலாமுங்க” என்பது. அதாவது நாலு செல் பேட்டரிக்குப் பதில் ஆறு செல் பேட்டரி. 14.8 வோல்ட்டில் வழுக்கும் படகு 22.2 வோல்ட்டில் இன்னும் மோசமாகத்தான் வழுக்கும்.

வேகம் பிடித்த படகு தண்ணீரை விட்டு எழும்பிவிடும். அடிப்பாகத்தில் கொஞ்ச இடமும் பாதி ப்ராப்பும் (ப்ரொப்பெல்லர்)தான் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த நிலையில் ரடரை (சுக்கானை)த் திருப்பினால் பின்புறத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அந்தப் பிடியைக் கொடுப்பதுதான் டர்ன் ஃபின், அதாவது படகின் பக்கத்தில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் தகடு. அமெரிக்காவின் நாம்பா, இம்ப்பா என்ற மாதிரிப் படகு அமைப்புகளின் நீள்வட்டப் பந்தயங்கள், நாம் கோயிலைச் சுற்றுவதுபோல வலமாகத்தான் ஓடுகின்றன. நாமும் அப்படியே ஓட்டுகிறோம். எல்லாத் திருப்பமும் வலப்பக்கம் என்பதால் இரட்டை அடிப்பாகம் கொண்ட கேட்டமரானுக்கும், தண்ணீர்மேல் தாவி ஓடும் ஹைட்ரோ வகைக்கும் வலப்பக்க ஃபின்தான் உயிர்.

கணபதியில் ஒரு லேத்துப் பட்டறையில் 2 மி.மீ. அலுமினியத் தகட்டை ஒரே அளவில் வெட்டி வாங்கினோம். படகைப் பார்க்கும் முகத்தைச் சமமாக விட்டுவிட்டு, வெளிமுகத்தில் மட்டும் முன்விளிம்பை அரத்தால் சரித்துக் கூராக்கினோம். திருப்பத்தில் தண்ணீரின் அழுத்தம் விழுவது அந்தச் சமமான முகத்தில்தான். அடிமுனையைப் படகுக்கு உட்புறமாகச் சற்றுச் சாய்த்ததும் வலப்பக்க ஸ்பான்சன் (படகின் பக்க அடிப்பாகம்) தூக்குவது நின்றது. முன்பு புரண்ட அதே கேட்டமரான், அதே மோட்டார், அதே பேட்டரியோடு மூன்று மிதவைகளையும் ஒட்டித் திரும்பி வந்தது. கரையில் நின்றவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

“ஏனுங்க, தகடு தண்ணிய இழுத்தா வேகம் கொறையாதுங்களா?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கொஞ்சம் குறையும். ஆனால் ஃபினைப் படகின் நேர்கோட்டிலிருந்து விலகாமல் மாட்டினால் அந்த இழப்பு சிறியது, திருப்பத்தில் கிடைப்பது பெரியது.

ஃபின் மட்டும் போதாது. ரடரின் நுனியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டக்கென்று ஆட்டம் தெரிந்தால் முதலில் போல்ட்டையும், ரடரைத் திருப்பும் சர்வோ மோட்டாரின் கம்பியையும் சரிசெய்ய வேண்டும். ரடர் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதைக் கையிலுள்ள ட்ரான்ஸ்மிட்டரிலேயே (ரிமோட்) குறைத்து வையுங்கள். முழுக்கத் திருப்பினால் வேகம்தான் சாகும். திருப்பத்துக்கு முன்பே வேகம் கூட்டும் ட்ரிக்கரைக் கொஞ்சம் தளர்த்தி, திருப்பத்துக்குள் ஒரே சீராகப் பிடிக்க வேண்டும். நடுவில் சட்டென விட்டால் மூக்கு இறங்கிக் குத்தும். அப்புறம், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று நம் குட்டையின் மேற்கு முனையில் மூக்கைத் தூக்கிவிடுகிறது. அந்த மாதங்களில் பேட்டரியை ஒரு செ.மீ. முன்னால் தள்ளி, படகுக்குள் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்வது நல்லது. அதற்குமேல் தள்ளினால் திருப்பத்தில் மூக்கு குத்த ஆரம்பிக்கும்.

இதையெல்லாம் ஞாயிறு காலைப் பயிற்சியில் படகைக் கையில் வைத்துக் காட்டினேன். பார்க்க வந்தவர்கள் எப்போதும் வரும் அதே சிலர்தான். பந்தயத்தன்று மட்டும் புது மோட்டாரோடு வந்து, முதல் திருப்பத்திலேயே அடுத்தவர் படகில் மோதிவிட்டு, பாதை சரியில்லை என்று சொல்லும் உறுப்பினர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மிதவை கட்டுவதும், பரிசலில் போய்க் கவிழ்ந்த படகை எடுத்து வருவதும் அதே நாலைந்து பேர். மீட்டுக் கொடுத்த படகை வாங்கிக்கொண்டு கயிற்றைக்கூடச் சுருட்டி வைக்காமல் கிளம்புவது முறையில்லை.

சந்தா விஷயமும் அப்படித்தான். பாதிப் பேருக்குமேல் பாக்கி. சிலருக்கு இது இரண்டாவது ஆண்டு. ஒரு லிப்போ பேட்டரி வாங்கும் பணத்துக்கு முன்னால் நம் சந்தா ஒன்றுமே இல்லை.

வரவு என்பது வந்த சந்தாவும் சில நன்கொடைகளும். செலவு மிதவை, கயிறு, தகடு, பட்டறைக் கூலி, தேநீர். இரண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரியாக இருக்கிறது. நோட்டு பொருளாளரிடம் உள்ளது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

குட்டையைத் தந்த தோட்டத்துக்காரர் அய்யாவுக்கும், தகடு வெட்டிக் கொடுத்த பட்டறை அண்ணனுக்கும், பரிசல் ஓட்டிய தம்பிகளுக்கும், ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் எல்லாப் படகுக்கும் ஒரே வகை ஃபின்னும் பிராக்கெட்டும் செய்து கொடுக்க ஆசை. பட்டறையில் முன்பணம் கேட்கிறார்கள். சங்கத்தில் இப்போது அந்தப் பணம் இல்லை. வேறு யாராவது செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். நானே தொடர வேண்டும் என்று நினைப்பவர்கள் பாக்கியை இந்த மாதத்துக்குள் பொருளாளரிடம் கட்டிவிட்டு, வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் படகோடு குட்டைக்கு வந்துவிடுங்கள். அரம் நான் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்