குளக்கரைக் கோரைக்காக ஒரு வார்த்தை

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குளங்களைத் தூர்வாரி வருகிறார்கள். மழை குறைந்த பகுதி இது, செய்ய வேண்டிய வேலைதான். சேற்றை அள்ளுவதோடு விடாமல், பொக்லைனை விட்டுக் கரையோரக் கோரை, சம்பு எல்லாவற்றையும் வழித்தெடுத்து நாலு புறமும் கல் பதித்துவிடுகிறார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. தட்டான்கள்தான் காணோம்.

பணி ஓய்வுக்குப் பிறகு கேமராவும் கையுமாக வரப்பில் திரிகிறவன் நான். தட்டான் எழும்பிப் போனால் துரத்தக் கூடாது. பல வகைகளில் ஆண் தட்டான் கொஞ்ச நேரத்தில் அதே குச்சிக்குத் திரும்பிவிடும். நம் நிழல் விழாதபடி உட்கார்ந்திருந்தால் போதும். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று கோரையை ஆட்டுகிற ஆட்டத்தில் படமெல்லாம் கலங்கிவிடும். அதனால் வெயில் ஏறுமுன், தட்டான்கள் அசையாமல் தொங்கும் நேரத்தில் போய்விடுவேன். உச்சி வெயிலில் வேறொரு வேடிக்கை: சில தட்டான்கள் வாலைச் சூரியனுக்கு நேராகத் தூக்கி நிற்கும். உடம்பில் வெயில் படும் இடத்தைக் குறைத்துக்கொள்ளும் வழி அது. இதற்கெல்லாம் காத்திருக்காமல் பூச்சியைப் பிடித்து, ஃபிரிட்ஜில் வைத்து மரக்க வைத்துப் படமெடுப்பவர்களும் உண்டு. அதற்குப் படமே எடுக்காமல் இருக்கலாம்.

சரி, கோரைக்கு வருகிறேன். தட்டானின் இளம்பருவம் முழுவதும் தண்ணீருக்குள்தான். மடித்து வைத்த கீழுதட்டைச் சட்டென நீட்டிக் கொசுப்புழுவையும் தலைப்பிரட்டையையும் பிடித்துத் தின்னும். வளர்ந்ததும், பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ, ஒரு தண்டைப் பற்றி மேலேறும். முதுகு வெடித்து இறக்கையோடு வெளியே வரும். இறக்கை விரிந்து காயும்வரை பறக்க முடியாது, பறவைக்கும் எறும்புக்கும் எளிய இரை. கல்லில் ஏறிச் சமாளிக்கும் வகைகள் இருக்கின்றன. ஊசித்தட்டான்களோ செடித் தண்டைக் கீறி அதற்குள் முட்டை வைப்பவை. கல்லை வைத்துக்கொண்டு அவை என்ன செய்யும்?

‘ஐப்பசியில் கூட்டம் கூட்டமாகப் பறக்கிறதே’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை மலையாளத்தில் துலாத்தும்பி எனப்படும் நாடோடிகள். தேங்கிய மழைநீரே அவை பெருகப் போதும். இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டி அவை கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போவதாக 2009இல் சார்ல்ஸ் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் எழுதினார். வழிப்போக்கர்களை எண்ணிப் பார்த்து, நம் குளம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

கேட்பது பெரிதில்லை. ஒரு பக்கக் கரையையாவது கல் பதிக்காமல் கோரையோடு விடலாம். பாதிக் குளத்தை இந்தக் கோடையில் வாரினால், மீதியை அடுத்த கோடையில் வாரலாம். நூறு நாள் வேலைக்கு வரும் அக்காக்களிடம் இதைச் சொன்னேன். “எங்களுக்கு என்னங்க சார், மேலே சொல்ற மாதிரி செய்யறோம்” என்றார்கள். அந்த ‘மேலே’ இருப்பவர்கள் தங்கள் பத்திரிகையைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை