யாழினிக்கு, கூண்டுக்குள் இறங்குமுன்

அன்புள்ள யாழினி,

அடுத்த மாதம் தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனிலிருந்து கடலோர ஊரான கான்ஸ்பாய் போய், கூண்டுக்குள் இறங்கிச் சுறா பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். சரி, போய் வா. அதற்கு முன் அந்தக் கடலில் திரிந்த நிகோலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நடிகை நிகோல் கிட்மனின் பெயரை வைத்தார்களே, அந்தப் பெண் வெள்ளைச் சுறாதான். நீளம் சுமார் 3.8 மீட்டர். 2003 நவம்பரில் கான்ஸ்பாய் அருகே அவள் முதுகில் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். குறித்த நாளில் தானாகக் கழன்று, மேலே மிதந்து, செயற்கைக்கோளுக்குச் சேதி அனுப்பும் கருவி. 2004 பிப்ரவரி கடைசியில் அது மிதந்த இடம் மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாப் பக்கம்! இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே கடந்திருக்கிறாள், 99 நாளில் சுமார் 11,000 கிலோமீட்டர். பாதிக்கு மேற்பட்ட நேரம் நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தியவள், நடுவே 980 மீட்டர் ஆழம் வரை போயிருக்கிறாள். அங்கே தண்ணீர் 3.4 டிகிரிதான்.

அந்த ஆகஸ்டிலேயே மறுபடி கான்ஸ்பாயில்! முதுகுத் துடுப்பின் ஓரத்து வெட்டுகளைப் பழைய படங்களோடு ஒத்துப் பார்த்து, அவளேதான் என்று உறுதி செய்தார்கள்.

இரைக்காகப் போயிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. கான்ஸ்பாய்க்கு எதிரே பாறைத் தீவில் கடல்நாய்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. இணை தேடிப் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் யூகம். ஊரில் வழியில்லாமல்தான் பிள்ளைகள் தூரதேசம் போகிறார்கள் என்று நம் சொந்தக்காரர்கள் யாராவது ஆரம்பித்தால், நான் இவள் கதையை எடுத்துவிடுவேன்.

இந்தச் சுறாக்களுக்கு வழிச்சாப்பாடு எல்லாம் ஈரலில் சேர்த்துவைத்த எண்ணெய்தான். கலிபோர்னியாப் பக்கத்து வெள்ளைச் சுறாக்களை ஆராய்ந்ததில், போகப்போக ஈரல் எண்ணெய் கரைந்து மிதப்பு குறைவதும், நீந்தாமல் இறங்கும்போது சீக்கிரமாக அமிழ்வதும் தெரிந்தது. அந்த ஈரலுக்கே இப்போது ஆபத்து. 2017 முதல் கான்ஸ்பாய்க் கரையில் ஈரல் மட்டும் காணாமல் சுறாக்கள் செத்து ஒதுங்கின. முதுகுத் துடுப்பு மடிந்த இரண்டு ஓர்காக்களின், அதாவது கொலைகாரத் திமிங்கலங்களின் வேலை. அதற்கப்புறம் அங்கே வெள்ளைச் சுறா அரிதாகிவிட்டது. வேறு சாதிச் சுறாக்களைத்தான் பெரும்பாலும் காட்டுகிறார்களாம். பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்.

படகில் ஏறுமுன் வாந்தி மாத்திரை போட்டுக்கொள். கூண்டு விஷயத்தை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீயே சொல்லிவிடு, போய்விட்டு வந்த பிறகு சொன்னால் நல்லது.

அன்புடன்,
அப்பா