அணி விற்பனை: வழக்குக்கு முன்பே எழுத வேண்டியது

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் ஆடும் மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணியின் விற்பனைத் தகராறு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். உரிமையாளர் கிளென் டெய்லர் 2021-ல் 150 கோடி டாலருக்கு அணியைப் படிப்படியாக விற்க ஒப்புக்கொண்டது, 2024 மார்ச்சில் கெடு தாண்டிவிட்டது என்று சொல்லி விற்பனையை நிறுத்தியது, 2025 பிப்ரவரியில் மூன்று பேர் கொண்ட மத்தியஸ்தர் குழு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வாங்குபவர்களான மார்க் லோர், அலெக்ஸ் ரோட்ரிகஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது எல்லாம் தெளிவாக வந்திருக்கிறது. ஆனால் கட்டுரை முழுக்க விற்பவரும் வாங்குபவரும்தான் இருக்கிறார்கள். அணி எந்த ஊரில் ஆடுகிறதோ அந்த ஊருக்காக ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்ற கேள்வி எங்குமே வரவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

மினசோட்டாவை விட்டு அணி போகாது என்று உறுதி தருபவர்களுக்குத்தான் விற்பேன் என டெய்லர் பல முறை சொல்லியிருந்தார். 2021-லேயே சிறு பங்குதாரர் ஒருவர் அவர்மேல் வழக்குத் தொடுத்தபோது, விற்பனை ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்தே இல்லை என்பது வழக்கு ஆவணங்கள் வழியாகச் செய்தியானது. புது உரிமையாளர்களும் அங்கேயே இருப்போம் என்கிறார்கள், நான் நம்புகிறேன். ஆனால் வாய்வார்த்தையை நம்பி ஒரு நகரம் எப்படி ஏமாந்தது என்பதை ஏற்கெனவே பார்த்தாயிற்று.

சியாட்டல் சூப்பர்சானிக்ஸைச் சொல்கிறேன். 1967 முதல் அந்த நகரத்தில் ஆடிய அணி, 1979-ல் சாம்பியன். 2006 ஜூலையில் ஸ்டார்பக்ஸின் ஹோவர்ட் ஷுல்ட்ஸும் கூட்டாளிகளும் அதை 35 கோடி டாலருக்கு ஓக்லஹோமா சிட்டியின் கிளே பென்னட் குழுவுக்கு விற்றார்கள். வாங்குபவர்கள் வெளியூர்க்காரர்கள், அவர்களுடைய ஊருக்கென்று சொந்தமாக ஓர் அணி கிடையாது. எதற்காக வாங்குகிறார்கள் என்ற சந்தேகம் அன்றைக்கே எழுந்தது. அதற்கு ஷுல்ட்ஸ் தரப்பு கேட்டு வாங்கிய உறுதி, சியாட்டல் பகுதியிலேயே புது அரங்கத்துக்காகப் பன்னிரண்டு மாதம் நல்லெண்ணத்தோடு முயற்சி செய்வோம் என்பதுதான். முயற்சி தோற்றால் அணி திரும்பி வர அதில் வழி இல்லை. நல்லெண்ணத்தை எதை வைத்து அளப்பது?

அந்தப் பன்னிரண்டு மாதம் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2007 ஆகஸ்டில், பங்காளிகளில் ஒருவரான ஆப்ரி மெக்லெண்டன் ஓக்லஹோமா பத்திரிகை ஒன்றிடம், சியாட்டலில் வைத்திருப்பதற்காக நாங்கள் அணியை வாங்கவில்லை, இங்கே கொண்டுவரவே விரும்பினோம் என்று சொன்னார். லீக் அவருக்கு 2.5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. பிறகு அரங்கக் குத்தகைக்காகச் சியாட்டல் நகராட்சி தொடுத்த வழக்கின்போது மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. 2007 ஏப்ரலிலேயே, அடுத்த சீசனுக்கே அணியை நம் ஊருக்குக் கொண்டுவர முடியாதா என்று ஒரு பங்காளி கேட்க, தான் வெறியோடு இருப்பதாகவும் முடிந்ததெல்லாம் செய்வதாகவும் பென்னட் பதில் எழுதியிருந்தார். சியாட்டலில் அணியைத் தக்கவைப்பதைப் பற்றித்தான் அப்படி எழுதினேன் என்று அவர் பின்னால் விளக்கம் சொன்னார். படித்தவர்கள் எத்தனை பேர் அதை ஏற்றுக்கொண்டார்களோ.

சியாட்டல் மக்கள்மேல் தப்பே இல்லையா என்று கேட்கலாம். லாபம் திரும்ப வராத விளையாட்டு அரங்கத்துக்கு நகராட்சிப் பணம் தரக்கூடாது என்று 2006 நவம்பரில் அவர்கள் பெருவாரியாக வாக்களித்தார்கள். பக்கத்து ஊரான ரென்டனில் 50 கோடி டாலரில் அரங்கம் கட்டும் திட்டத்துக்கு மாநில சட்டமன்றமும் வழிவிடவில்லை. அது அவர்கள் பணம், வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படிச் சொன்னதற்குத் தண்டனையாக அணியை எடுத்துக்கொண்டு போவது நியாயம் என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஷுல்ட்ஸ் 2008 ஏப்ரலில் வழக்குப் போட்டார். ஏமாற்றி வாங்கினார்கள், விற்பனையை ரத்து செய்யுங்கள், உள்ளூரில் ஒருவர் வாங்கும்வரை அணி நீதிமன்றப் பொறுப்பில் இருக்கட்டும் என்று கேட்டார். ஆகஸ்டில் வாபஸ் வாங்கிவிட்டார். அணி அதற்குள் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டது. ரசிகர்கள் அவரை இன்றும் மன்னிக்கவில்லை, எனக்கும் அவர்மேல்தான் கோபம். பென்னட் தன் ஊருக்காக வேலை செய்தார். சியாட்டலுக்காக ஷரத்து எழுதும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் ஷுல்ட்ஸ். கையெழுத்துப் போட்ட அன்று கேட்க வேண்டியதை இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் கேட்டு என்ன பயன்?

நகராட்சிக்குக் கொஞ்சமாவது பலம் கொடுத்தது பழைய குத்தகைப் பத்திரம். 1995-ல் புதுப்பித்த கீ அரீனா என்ற நகராட்சி அரங்கத்தில் 2010 வரை சொந்த ஊர் ஆட்டங்களை ஆடியாக வேண்டும், மீதி வருடங்களுக்கான வாடகையைக் கட்டிவிட்டு நழுவ முடியாது என்று அதில் எழுத்தில் இருந்தது. பென்னட் தரப்பு 2.65 கோடி டாலர் தருகிறோம், விட்டுவிடுங்கள் என்றது. மேயர் கிரெக் நிக்கல்ஸ் மறுத்தார். 2008 ஜூன் மாதம் நீதிபதி மார்ஷா பெக்மன் முன் நகராட்சியின் வழக்கு விசாரணைக்கு வந்தது. தீர்ப்பு வர வேண்டிய ஜூலை 2 அன்றே சமரசம் ஆகிவிட்டது: 4.5 கோடி டாலர் நகரத்துக்கு, பெயரும் நிறங்களும் சியாட்டலுக்கு, ஆட்டக்காரர்கள் ஓக்லஹோமாவுக்கு. 2025-ல் தண்டர் என்ற பெயரில் அந்த அணி கோப்பை வென்றபோது சியாட்டல் ரசிகர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதோடு மில்வாக்கி நகரத்தை வைத்துப் பார்க்க வேண்டும். உரிமையாளர் ஹெர்ப் கோல் 2014-ல் அந்த ஊரின் பக்ஸ் அணியை 55 கோடி டாலருக்கு விற்றார். புது அரங்கத்துக்குத் தன் கையிலிருந்து 10 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். 2017 நவம்பருக்குள் அரங்கம் தயாராகாவிட்டால் லீக் 57.5 கோடிக்கு அணியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற ஷரத்தும் அந்த விற்பனையில் இருந்தது. தேதி இருந்தது, விலை இருந்தது, தவறினால் என்ன நடக்கும் என்பதும் இருந்தது. இதே ஷரத்து மக்களை மிரட்டவும் பயன்பட்டது என்பதை மறைக்கக்கூடாது. பணம் தராவிட்டால் அணி போய்விடும் என்ற பயத்தில்தான் 25 கோடி டாலர் பொதுப்பணம் அரங்கத்துக்குப் போனது. அது எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் மில்வாக்கியில் அணி இருக்கிறது, 2021-ல் அங்கேதான் கோப்பையை வென்றது.

நீதிமன்றம் இந்த ஓட்டையை அடைத்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. 2014-ல் லாஸ் ஏஞ்சலஸின் கிளிப்பர்ஸ் அணியை ஸ்டீவ் பால்மருக்கு 200 கோடி டாலருக்கு விற்றதை அதன் உரிமையாளர் டொனால்ட் ஸ்டெர்லிங் எதிர்த்தபோதும், குடும்ப அறக்கட்டளை சார்பில் விற்க அவர் மனைவிக்கு அதிகாரம் இருந்ததா என்பதைச் சுற்றித்தான் வழக்கு நடந்தது. சட்டம் அப்படித்தான் பார்க்கும். லீக்கும் உதவாது. விற்பனைக்கு உரிமையாளர்களில் நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும், ஆனால் அணியை வேறு ஊருக்கு மாற்றப் பாதிக்குமேல் வாக்கு இருந்தால் போதும். இது தலைகீழாக இருக்க வேண்டாமா?

சூப்பர்சானிக்ஸ் இடமாற்றத்தை 28 உரிமையாளர்கள் ஆதரித்தார்கள், எதிர்த்தவர்கள் இருவர். ஒருவர் டல்லாஸின் மார்க் கியூபன், மற்றவர் போர்ட்லாண்டின் பால் ஆலன். ஆலன் 2018-ல் காலமானார். அவருடைய டிரெயில் பிளேசர்ஸ் அணியை டாம் டன்டன் குழுவுக்கு விற்க 2025-ல் ஒப்பந்தம் ஆனது. அங்குள்ள அரங்கத்தின் குத்தகை 2030 வரைதான். இந்த விற்பனையைப் பற்றி எழுதும்போது விலையோடு நிறுத்திவிடாமல், 2030-க்குப் பிறகு அணி எங்கே ஆடும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா, யார் எழுதச் சொன்னார்கள் என்பதையும் விசாரித்து எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கூடைப்பந்து ரசிகரான உங்கள் வாசகர்