கருப்பை உட்சவ்வு அழற்சியைக் கண்டறிந்து குணப்படுத்தியவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய மகப்பேறு மருத்துவர் அம்மா அவர்களுக்கும், நோய்க்குறியியல் மருத்துவர் ஐயா அவர்களுக்கும், ஆய்வகப் பணியாளர்களுக்கும், மருந்துக்கடைத் தம்பிக்கும், என் நாத்தனாருக்கும் வணக்கம்.

உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் ஐவிஎஃப் முறையில் தரமான கருக்களை வைத்தும் அவை பதியாமற்போன நிலையில், ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்ற பதிலையே பிற இடங்களில் கேட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த கருவை வைப்பதற்கு முன் கருப்பையின் உட்சவ்வைப் பார்த்தாக வேண்டும் என்று முதலில் சொன்னவர் நீங்கள்தான் அம்மா. நாள்பட்ட உட்சவ்வு அழற்சிக்குக் காய்ச்சலோ வலியோ இருக்க வேண்டுமென்பதில்லை, பலருக்கு ஓர் அறிகுறியும் இராது, ஸ்கேனிலும் பெரும்பாலும் தெரியாது என்று எனக்கும் என் கணவருக்கும் பொறுமையாக விளக்கினீர்கள். கருப்பைக்குள் மெல்லிய கேமராவைச் செலுத்திப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோபியில் சவ்வு சிவந்து வீங்கியிருந்ததையும், பாலிப்புகள் எனப்படும் சின்னஞ்சிறு சதை வளர்ச்சிகள் அரும்பியிருந்ததையும் திரையில் காட்டிய பிறகும், கண்ணால் கண்டதை மட்டும் நம்பி மருந்து எழுதாமல், மாதவிலக்கு முடிந்த சில நாட்களுக்குள் திசு எடுத்து அனுப்பினீர்கள்.

அந்தத் திசுவை வாங்கிக்கொண்ட ஆய்வகப் பணியாளர்களின் கவனத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மொத்தத்தையும் திசுவைப் பதப்படுத்தும், கிருமிகளையும் கொன்றுவிடும் ஃபார்மலினில் போட்டிருந்தால் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. ஒரு பகுதியைச் சலைன் என்னும் உப்புநீரில் பிரித்து வைத்ததால்தான் என்டரோகாக்கஸ் என்னும் கிருமி அதில் வளர்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்தது.

நோய்க்குறியியல் மருத்துவர் ஐயா, நோயாளிகள் உங்களை நேரில் பார்ப்பதில்லை, நானும் பார்த்ததில்லை. இந்த அழற்சியின் அடையாளமான பிளாஸ்மா செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் சவ்வின் மற்ற செல்களுக்கு நடுவே எளிதில் மறைந்துவிடும் என்பதால், வழக்கமான சாயத்தோடு நிறுத்தாமல் அவற்றை எடுத்துக்காட்டும் சிடி138 சாயமும் இட்டுப் பார்த்தீர்கள். அந்தச் சாயம் சுரப்பிச் செல்களிலும் ஏறும் என்பதால், எவை உண்மையான பிளாஸ்மா செல்கள் என்று பிரித்தறிய உங்கள் கண்ணும் அனுபவமும் தேவைப்பட்டன. எங்கள் வாழ்க்கையில் அதுவரை எழுதப்பட்ட அறிக்கைகளிலேயே உருப்படியான அறிக்கை நீங்கள் எழுதியதுதான் என்பது என் கணிப்பு.

காசநோய் பற்றிய கேள்வியிலும் உங்கள் நிதானத்தை மறக்க மாட்டேன் அம்மா. நம் நாட்டில் கருப்பைக் காசநோயும் பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் முக்கியக் காரணங்களுள் ஒன்று. கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை எனக்கு ஐயத்திற்கிடமான முடிவைத் தந்தபோது, அதை மட்டும் வைத்து 6 மாதக் காசநோய் மருந்தைத் தொடங்காமல், திசுவில் காசநோய்க்குரிய மாற்றம் எதுவும் இல்லை என்பதையும் கருத்தில் கொண்டு, வளர்ப்புச் சோதனையின் முடிவு வரும்வரை பொறுத்திருந்தீர்கள். அதில் காசக்கிருமி வளரவில்லை.

பிறகு 100 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தை, காலையும் இரவுமாக 14 நாட்களுக்கு எழுதித் தந்தீர்கள். மருந்துச் சீட்டைப் படித்தவுடன், "அக்கா, இரும்புச்சத்து மாத்திரையோ கால்சியமோ சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டு, அவற்றையும் பாலையும் இதனுடன் சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது என்று எச்சரித்த மருந்துக்கடைத் தம்பிக்கு என் நன்றி. நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது, வெயிலில் அலையக் கூடாது என்று அவர் சொன்னதை நாத்தனார் அப்படியே பிடித்துக்கொண்டு, இரவு மாத்திரைக்குப் பிறகு அரை மணி நேரம் என்னைப் படுக்கவே விடவில்லை.

மருந்து முடிந்ததும் அடுத்த கருவை வைக்க நாங்கள் அவசரப்பட்டோம். மறுபடியும் திசு எடுத்து, பிளாஸ்மா செல்கள் மறைந்ததை உறுதிசெய்த பிறகே நீங்கள் இசைந்தீர்கள். இத்தாலியின் பாரி நகரில் எத்தோரே சிச்சினெல்லி குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வை அப்போது எடுத்துச் சொன்னீர்கள்: தொடர்ந்து கரு பதியாமற்போன பெண்களில், சிகிச்சைக்குப் பின் அழற்சி தணிந்தவர்களுள் நூற்றுக்கு 61 பேர் அளவில் அடுத்த ஐவிஎஃப் சுற்றில் குழந்தை பெற்றார்கள், தணியாதவர்களுள் 13 பேர் அளவில்தான். சொன்ன கையோடு, அது பழைய பதிவேடுகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வு, மருந்து கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் சீட்டுப் போட்டுப் பிரித்து ஒப்பிட்டதன்று, ஆகவே இதைக் கொண்டு உறுதி தர மாட்டேன் என்றும் சொன்னீர்கள். எங்கள் மகள் பிறந்த பிறகும், மருந்தினால்தான் என்று நீங்கள் பெருமை பேசவில்லை. வாக்குறுதிகளை நிறையக் கேட்டு அலுத்திருந்த எங்களுக்கு இந்த நேர்மை பெரிய ஆறுதலாக இருந்தது.

என் திசு வைத்த கண்ணாடிச் சில்லுகளையும் அறிக்கைகளையும் பெயர் நீக்கி மருத்துவ மாணவர்களுக்குக் காட்ட விரும்பினால், எனக்கும் என் கணவருக்கும் முழுச் சம்மதம். அதற்கான ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட்டு இம்மடலுடன் இணைத்திருக்கிறோம்.

என்றும் நன்றியுடன்,
தங்களிடம் சிகிச்சை பெற்ற ஒரு தாய்