ஈலி தோட்டாவும் ஒரு சிட்டிகை மருந்தும்

கோயம்புத்தூர்,
ஆகஸ்ட் 17

அன்புள்ள சங்கரலிங்கம்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் கமலாவுக்கும் பெரிய நிம்மதி. பயிற்சியை ஒருநாள்கூட விட்டுவிடாதே. வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டால் கால் அப்படியே இறுகிவிடும். என் அண்ணனுக்கு அப்படித்தான் ஆனது.

உன் பேத்தி யாழினி மாநிலத் துப்பாக்கிசுடும் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள் என்ற வரியைக் கமலாவுக்கும் படித்துக் காட்டினேன். காற்றுத் துப்பாக்கியிலிருந்து .22 ரைஃபிளுக்கு மாறப்போகிறாள், தோட்டாப் பட்டியலைப் பார்த்தால் ஈலி என்ற ஒரே பெயரில் ஏழெட்டு வகை இருக்கிறது, எதை வாங்குவது, அந்தக் கம்பெனி எப்படிப்பட்டது என்று கேட்டிருக்கிறாய். இதைக் கேட்பதற்கு உன்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. முப்பது வருடம் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவன் நீ. இந்தக் கம்பெனியின் கதையில் பாதி உனக்குச் சொல்லாமலே புரியும்.

வில்லியம், சார்லஸ் என்ற ஈலி சகோதரர்கள் 1828இல் லண்டனில் தொழில் தொடங்கினார்கள். அப்போது தோட்டா என்று இன்று நாம் சொல்வது கிடையாது. வேட்டைக்காரர்கள் வெடிமருந்தையும் ஈய ரவையையும் குழல் வாய் வழியாகத் தனித்தனியாகப் போட்டு இடித்து இறுக்கினார்கள். ஈலி சகோதரர்களின் முதல் பெயர் பெற்ற சரக்கு கம்பி வலைத் தோட்டா. மெல்லிய கம்பியால் பின்னிய சிறு கூட்டுக்குள் ஈய ரவைகளை அடுக்கி, இடுக்குகளில் எலும்புத் தூளை நிரப்பிவிடுவார்கள். சுட்டதும் ரவை உடனே சிதறாமல் கொஞ்ச தூரம் சேர்ந்தே போகும். தொலைவில் பறக்கும் நீர்ப்பறவைகளைச் சுடுகிறவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள்.

அதே காலத்தில்தான் துப்பாக்கியைப் பற்றவைக்கும் முறையே மாறிக்கொண்டிருந்தது. சிக்கிமுக்கிக் கல்லின் பொறி போய், தட்டினால் வெடிக்கும் மருந்து வந்தது. 1807இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு அந்த மருந்தைச் சின்னச் செம்புத் தொப்பிக்குள் வைத்து விற்கத் தொடங்கினார்கள். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் இன்றும் கேப்பு என்று கேட்டு வாங்குகிறார்களே, அதுதான். அன்று அதன் உள்ளே இருந்தது பாதரச ஃபல்மினேட். உராய்ந்தாலும் வெடிக்கும், தட்டினாலும் வெடிக்கும், சூடுபட்டாலும் வெடிக்கும். ஈலியும் இந்த மருந்தில் இறங்கினார்கள். 1841இல் வில்லியம் ஈலி தன் பட்டறையிலேயே ஃபல்மினேட் வெடித்து இறந்துபோனார். கம்பெனியைத் தொடங்கி 13 வருடம்தான் ஆகியிருந்தது.

எனக்கு இந்த இடத்தைக் கடந்து போவது சுலபமாக இல்லை, சங்கரலிங்கம். முதலாளியே தன் கையால் மருந்து கலந்து இறந்த தொழில் அது. பிறகு முதலாளிகள் மருந்தறையிலிருந்து விலகிப் போனார்கள், கூலிக்கு வந்தவர்கள் உள்ளே போனார்கள். 1859இல் பர்மிங்ஹாம் நகரின் விட்டால் தெருவில் ஒரு கேப்பு ஆலை வெடித்து இருபது பேர் வரை மாண்டார்கள். 1870 டிசம்பரில் அதே நகரின் விட்டன் பகுதியில் லட்லோ தோட்டா ஆலை வெடித்ததில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். இப்படிப்பட்ட ஆலைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறுமிகளும். மெல்லிய விரல்கள் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். குறைந்த கூலி என்ற காரணத்தை நீயும் நானும் சேர்த்துக்கொள்ளலாம்.

2012 செப்டம்பரில் சிவகாசி பக்கத்தில் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து நடந்த மறுநாள் நீ தொலைபேசியில் பேசமுடியாமல் அழுதது எனக்கு நினைவிருக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். மணிமருந்தில், அதாவது சிறு மணிகளாக உருட்டிய வெடிக் கலவையில், உராய்வு என்று செய்தித்தாளில் வரும்போதெல்லாம் படிக்கிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். உனக்கு மட்டும் அந்த அறையின் வாசனையே வந்துவிடும். பிரிட்டனில் 1875இல் வெடிபொருள் சட்டம் வந்தது, இந்தியாவுக்கு 1884இல் அதே பெயரில் ஒன்று வந்தது. சிவகாசி, சாத்தூர் ஆலைகள் உரிமம் பெறுவது இன்றும் அந்தச் சட்டத்தின் கீழ்தான். அறைக்கு அறை எவ்வளவு இடைவெளி, உள்ளே எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று நீ நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்த விதிகளுக்கெல்லாம் பின்னால் இப்படிப்பட்ட மரணங்கள்தான் இருக்கின்றன.

கம்பெனிக் கதைக்கு வருகிறேன். வில்லியமின் மகன்கள் தொழிலைத் தொடர்ந்தார்கள். 1866இல் கர்னல் பாக்ஸர் வடிவமைத்த தோட்டாவைப் பிரிட்டிஷ் ராணுவம் தன் ஸ்னைடர் ரைஃபிளுக்கு ஏற்றுக்கொண்டது. கேப்பு, மருந்து, குண்டு மூன்றும் ஒரே கூட்டுக்குள் வந்த தோட்டா. அரசாங்கத்துக்கு அதைச் செய்து கொடுத்தவர்களில் ஈலியும் உண்டு. 1874இல் லிமிடெட் கம்பெனி ஆனது. லண்டனின் வடபுறம் எட்மண்டனில் பெரிய ஆலை எழுந்தது. தோட்டா வேலை அங்கிருந்து போய் எத்தனையோ காலமாகிவிட்டது, ஆனால் அந்தத் தொழிற்பேட்டைக்கு இன்றும் ஈலி என்றுதான் பெயர்.

போட்டியாளர் ஒருவர் இருந்தார், ஜார்ஜ் கைனாக். ஸ்காட்லாந்துக்காரர். விட்டால் தெருவில் வெடித்ததாகச் சொன்னேனே, அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர்தான். பிறகு அதையே தன் கைக்குக் கொண்டுவந்து விட்டனில் பெரிதாக்கினார். நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். கடைசியில் தன் பெயர் கொண்ட கம்பெனியிலிருந்தே வெளியேற்றப்பட்டு, 1891இல் தென்னாப்பிரிக்காவில் இறந்தார். யானைக்கும் காட்டெருமைக்கும் என்று கைனாக் செய்த பெருந்தோட்டாக்கள் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் வெள்ளைக்கார வேட்டைக்காரர்களின் பெட்டிகளில் இருந்தன. அந்த வேட்டைப் பெருமைகளைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

முதல் உலகப் போர் முடிந்த 1918இல் பிரிட்டனின் வெடிபொருள் கம்பெனிகள் பலவும் ஒன்றாக இணைந்தன. ஈலியும் கைனாக்கும் ஒரே கூரைக்குள் வந்தன. அந்தக் கூட்டு நிறுவனம் நோபல் இண்டஸ்ட்ரீஸ் என்று பெயர் மாறி, 1926இல் ஐ.சி.ஐ. என்ற பெரும் ரசாயன நிறுவனத்தில் கரைந்தது. ஈலியின் தோட்டா வேலையும் விட்டனுக்குப் போய்விட்டது. இன்று .22 தோட்டா செய்யும் ஈலி பர்மிங்ஹாமின் விளிம்பில், சட்டன் கோல்ட்ஃபீல்டு பக்கத்தில் மின்வொர்த் என்ற இடத்தில் இருக்கிறது. ஈலி ஹாக் என்ற பெயரில் ரவைத் தோட்டா செய்வது தனிக் கம்பெனி. யாழினி பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம் என்று சொல். ரவைத் தோட்டா ட்ராப், ஸ்கீட் போட்டிக்காரர்களுக்கு. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டாரே, அந்தப் பிரிவு. பறக்கும் களிமண் தட்டைச் சுடுவதற்கு அதில் 24 கிராம் ரவை வைக்கிறார்கள்.

இனி உன் பேத்தியின் தோட்டா. .22 லாங் ரைஃபிள் என்பது 1887இல் அமெரிக்காவில் பிறந்த அளவு. இதில் கேப்பு தனியாக இல்லை. பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பு உள்ளே குழிவாக மடிந்திருக்கும். மருந்து அந்த மடிப்புக்குள் பரவியிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கினால் தீப்பிடிக்கும். குண்டு சுமார் 2.6 கிராம் ஈயம். வேகத்தை விநாடிக்கு 330 மீட்டர் அளவில் வைத்திருக்கிறார்கள். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போகும் குண்டு, இலக்கை எட்டுவதற்குள் அந்த வேகத்துக்குக் கீழே இறங்கும்போது காற்றில் தடுமாறும். அதனால்தான் வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்து வைக்கிறார்கள்.

50 மீட்டரில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். அதற்குள்ளேயே இருக்கும் நடுவட்டமான உள்பத்து வெறும் 5 மில்லிமீட்டர், குண்டைவிடச் சின்னது. நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குண்டு அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை 12 சென்டிமீட்டருக்கு மேல் கீழே இழுத்துவிடுகிறது. வேகம் நூற்றில் ஒரு பங்கு கூடினாலோ குறைந்தாலோ இரண்டரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். உள்பத்தின் நடுவில் விழவேண்டியது அதன் விளிம்புக்குப் போய்விடும். அவள் மூச்சும் விரலும் சரியாக இருந்தும் புள்ளி போய்விடும். வேகம் மாறாமல் இருக்கவேண்டும் என்றால் ஒவ்வொரு தோட்டாவிலும் விளிம்பு மருந்து ஒரே அளவில், ஒரே சீராகப் பரவியிருக்க வேண்டும். வில்லியமைக் கொன்ற அதே வகைப் பொருளைத்தான் இங்கே ஒரு சிட்டிகையிலும் குறைவாகப் பிடித்து அடக்கவேண்டியிருக்கிறது.

ஈலி இதற்குக் கண்டுபிடித்த வழியைப் படித்தபோது உன்னைத்தான் நினைத்தேன். ஃபல்மினேட் போய் லெட் ஸ்டிஃப்னேட் என்ற மருந்து வந்த பிறகும், பல ஆலைகளில் அதை முன்பே செய்து, ஈரமாக வைத்து, தட்டுகளில் நிரப்பி, கூடுகளுக்குள் தள்ளுவதுதான் வழக்கம். ஈலியில் வெடிபொருளை முன்பே செய்துவைப்பதே இல்லை. அதற்கான பொடிகளை உலர்ந்த கலவையாகக் கூட்டுக்குள் போடுகிறார்கள். அந்த நிலையில் ஸ்டிஃப்னேட் இன்னும் பிறக்கவில்லை, கையாளும் ஆபத்து வெகுவாகக் குறைவு. பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர். கூட்டுக்குள்ளேயே வினை நடந்து வெடிமருந்து அங்கேயே உருவாகிறது. காயவைத்ததும் தோட்டா தயார். கிலோக் கணக்கில் வெடிமருந்து ஒரு மேஜையில் குவிந்திருக்கும் நிலையே அந்த ஆலையில் வருவதில்லை. நீ எத்தனையோ தடவை சொல்வாயே, அறையில் ஆளைக் குறைப்பதைவிட மருந்தைக் குறைக்கவேண்டும் என்று. அதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். பட்டாசு மருந்துக்கு இது அப்படியே பொருந்தாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கலந்தபின் காப்பாற்றுவதற்குப் பதிலாகக் கலப்பதையே மாற்றும் ஆராய்ச்சிக்கு நம் அரசும் ஆலை உரிமையாளர் சங்கங்களும் பணம் ஒதுக்கவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உன் அனுபவத்தை எழுதி வை. நான் தட்டச்சு செய்து தருகிறேன்.

சரி, எதை வாங்குவது? மேலே இருப்பது டெனெக்ஸ். ஒலிம்பிக்கில் பலர் பயன்படுத்துவது. விலையும் அப்படியே. அடுத்தது மேட்ச். அதிலும் டெனெக்ஸ் போலத் தட்டை மூக்குக் குண்டுதான், மேலே தேன்மெழுகும் விலங்குக் கொழுப்பும் கலந்த அதே பூச்சுதான். 1857இல் சிப்பாய்கள் வாயால் கடிக்க மறுத்த என்ஃபீல்டு தோட்டா உறையில் இருந்ததும் கொழுப்பும் மெழுகும்தான். யாழினி சைவம் என்பதால் சொல்லிவைக்கிறேன், சுட்ட பிறகு கையைக் கழுவிவிடட்டும். ஈயத்துக்காகவும் அதைக் கட்டாயம் செய்யவேண்டும். அதற்குக் கீழே டீம், கிளப், ஸ்போர்ட் என்று வருகிறது. ஸ்போர்ட்டில் உருண்டை மூக்கு, பாரஃபின் மெழுகு. பனிச்சறுக்கோடு சுடுதலும் சேர்ந்த பயத்லான் போட்டியில் கடுங்குளிரில் சுடுகிறவர்களுக்குத் தனி வகை, பிஸ்டலுக்குத் தனி வகை. முயல் சுடுவதற்கு என்று குழிமூக்குத் தோட்டா ஒன்று இருக்கிறது, அது அவளுக்கு வேண்டாம்.

முதல் ஆறு மாதம் கிளப் அல்லது ஸ்போர்ட் போதும். படுத்துச் சுடும் நிலையில் தோள்பட்டையும் இடது முழங்கையும் பழகுவதற்கு விலை உயர்ந்த தோட்டா தேவையில்லை. புள்ளிகள் நிலைத்த பிறகு மேட்ச் வாங்கட்டும். டெனெக்ஸ் என்ற பெயரைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். பெட்டியின் மேல் லாட் எண்ணும் (ஒரே தடவையில் செய்த தொகுதியின் எண்) வேகமும் அச்சிட்டிருக்கும். ஒரே வகையிலும் லாட்டுக்கு லாட் நடத்தை மாறும், ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொரு லாட் ஒத்துப்போகும். பெரிய வீரர்கள் தங்கள் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு ஈலியின் சோதனை ரேஞ்சுக்கே போய், பல லாட்டுகளைச் சுட்டுப் பார்த்து, பொருந்துவதை மொத்தமாக வாங்கி வருகிறார்கள். நம்மால் அது முடியாது. ஆனால் கிளப்பில் வேறு வேறு லாட் வைத்திருப்பவர்களிடம் சில தோட்டா வாங்கி, ரைஃபிளைத் தாங்கியில் இறுக்கி, பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்க்கலாம். எது நெருக்கமாகக் கூடுகிறதோ அந்த லாட்டில் ஒரு வருடத்துக்கு வேண்டியதைச் சேர்த்துவைக்கச் சொல். ரைஃபிள் சங்கத்தின் வழியாகத்தான் இறக்குமதித் தோட்டா வரும், தாமதமாகும். போன வருடம் எங்கள் கிளப் பிள்ளைகள் போட்டிக்கு முந்தைய வாரம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதனால் விண்ணப்பத்தை இப்போதே போடட்டும்.

கோலாப்பூர் ஸ்வப்னில் குசாலே 2024இல் பாரிஸில் 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் (மண்டியிட்டு, படுத்து, நின்று சுடுவது) வெண்கலம் வாங்கியதை அவளுக்குச் சொல்லியிருப்பாய். அந்த இறுதிச் சுற்றின் பதிவைத் தேடிப் பார்க்கச் சொல். நின்று சுடும்போது அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார், எத்தனை முறை துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி எடுக்கிறார் என்பதைக் கவனிக்கட்டும்.

மற்றபடி இங்கே எல்லாரும் நலம். சின்னவன் புனேயிலிருந்து தீபாவளிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். யாழினி வாங்கப்போகும் ரைஃபிள் எந்த மாடல், குழல் புதியதா பழையதா என்று அடுத்த கடிதத்தில் எழுது. கிளப்பில் அதே ரைஃபிள் வைத்திருப்பவர்களிடம் லாட் எண் கேட்டு அனுப்புகிறேன். தங்கச்சிக்கு என் அன்பு.

உன்,
ராஜாமணி